வைக்கோலுக்குள் ஒரு வரலாறு

என் இளமையில், பிசான அறுவடை முடிந்ததும் தாமிரபரணிக் கரையில் ஊர்தோறும் வைக்கோற் படப்புகள் எழும். படப்பின்மேல் ஏறி மிதித்து அமுக்குவது சிறுவர்களாகிய எங்கள் வேலை. அவ்வைக்கோலுக்குள் சருக்கரை அடங்கியிருக்கிறது என்பதை ஆசிரியப் பயிற்சி பெற்ற பின்னரே அறிந்தேன்.

அதை அறிந்த வரலாறு இரு நூற்றாண்டுப் பழமையுடையது. 1819-ஆம் ஆண்டில் பிரகோனோ என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி, கந்தைத் துணியைக் கந்தகத் திராவகத்தில் இட்டுச் சருக்கரை எடுத்தார். துணிக்கும் வைக்கோலுக்கும் பொதுவான பொருள் செல்லுலோஸ். அது சருக்கரை மணிகளைக் கோத்த நீண்ட மாலை போன்றது. திராவகம் மாலையை அறுக்க, மணிகள் உதிர்கின்றன. ஈஸ்ட் அவற்றைச் சாராயமாக்குகிறது. பெட்ரோலுடன் கலக்கும் எத்தனால் அதுவே.

வைக்கோலில் ஹெமிசெல்லுலோஸ் என்னும் மற்றொரு மாலையும் உண்டு. அதன் சருக்கரையை அமிலத்துடன் காய்ச்சினால், நீர் நீங்கி, ஃபர்ஃபுரால் என்னும் எண்ணெய் போன்ற திரவம் பிறக்கிறது. ஜெர்மானிய விஞ்ஞானி டோபரைனர் 1832-இல் இதனை உலகுக்கு அறிவித்தார். தவிட்டிலிருந்தும் கிடைத்தமையால், தவிட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லே பெயராயிற்று. வீட்டுக்குச் செங்கல் எப்படியோ, அப்படியே பிசின்களுக்கும் கரைப்பான்களுக்கும் எரிபொருள்களுக்கும் இது மூலப்பொருள்.

1922-இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம், மலைபோற் குவிந்த ஓட்ஸ் உமியிலிருந்து இதனைப் பெருமளவில் எடுக்கத் தொடங்கியது. உமியைச் சிறந்த கால்நடைத் தீவனமாக்கச் செய்த ஆராய்ச்சியே அதற்கு வழிகாட்டிற்று.

நம் நாட்டில், அரியானாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் வைக்கோல் எத்தனால் ஆலை 2022 ஆகஸ்டு 10-ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 இலட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பது அதன் திட்டம். வைக்கோலை வயலிலேயே எரித்து, அதன் புகையால் டில்லி வரை மக்கள் மூச்சுத் திணறும் அப்பகுதிக்கு இது நன்மையே.

“இத்தகைய ஆலையை நம் ஊரிலும் அமைக்கலாமே, ஐயா?” என்று ஒரு மாணவன் என்னைக் கேட்டான். “தம்பி, இங்கே வைக்கோல் கழிவா?” என்று நான் திருப்பிக் கேட்டேன். காரிலும் பிசானத்திலும் கிடைக்கும் வைக்கோல் நம் கறவை மாடுகளின் உணவு. ஆலை அதற்கு விலையேற்றினால், ஒற்றைப் பசுவை நம்பி வாழும் குடும்பம் என்ன செய்யும்? குலை வெட்டிய வாழை மரங்களை ஆலைக்கு அனுப்பலாம் என்றான் அவன். அவற்றில் பெரும்பகுதி நீர். வண்டியில் ஏற்றினால் நீரைத்தான் சுமக்க நேரும் என்றேன்.

மாணவர்களே, வைக்கோலுக்குள் இருப்பது என்ன என்பதை இரசாயனம் கூறிவிட்டது. அதனை நம்பி வாழ்வோர் யார் என்பதை ஊரில் நடந்து கேட்டறிய வேண்டும். இரண்டையும் அறிந்த பின்னரே ஒன்றைக் கழிவு என்று சொல்லுங்கள்.