முறிக்காத பத்தியம்

மதுரைச் சீமையில் நோய் என்றாலே முதல் பேச்சு பத்தியம்தான். காமாலைக்குக் கீழாநெல்லி கொடுத்தால் உப்பைக் குறைப்பார்கள், புளியை விலக்குவார்கள். ஆனால் சித்த வைத்தியத்தில் பத்தியத்துக்கு ஒரு கெடு உண்டு. மருந்து முடிந்ததும் மறுபத்தியம், அதன்பின் பத்தியத்தை முறித்து வழக்கமான சாப்பாடு. சிறுநீரக நோயில் இந்தக் கெடுவை மறந்துவிட்டோம். அந்த மறதி வயதானவர்களின் கால்களில் வந்து விடிந்திருக்கிறது.

சிறுநீரக நோய்க்குப் புரதத்தைக் குறைப்பது நம்மூர் வழக்கம் அல்ல. 1963-இல் ஜியோர்தானோவும் 1964-இல் ஜியோவன்னெட்டியும் இத்தாலியில் வகுத்த உணவுமுறை அது. டயாலிசிஸ் எட்டாக்கனியாக இருந்த அந்தக் காலத்துக்கு அது சரியான வைத்தியம். பெரியாஸ்பத்திரி வரை டயாலிசிஸ் வந்த பிறகு கணக்கே மாறிவிட்டது. டயாலிசிஸுக்கு முந்தைய கட்டத்தில் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 0.6 கிராம் புரதம் போதும் என்பார்கள். டயாலிசிஸ் தொடங்கியவருக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும். ஒவ்வொரு முறையும் யூரியாவோடு புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களும் வெளியேறுவது ஒரு காரணம். அப்படியிருந்தும் பல வீடுகளில் "பருப்பு ஆகாது, முட்டை ஆகாது" என்று முதல் நாள் கேட்ட சொல்லே சட்டமாக நிற்கிறது. 60 கிலோ எடையுள்ள பெரியவருக்கு 60 கிராமாவது தேவை. மூன்று இட்லியில் கிடைப்பது ஆறேழு கிராம். மீதி சாப்பாட்டில் வராவிட்டால், உடம்பு தன் சதையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் குறைந்திருக்கிறதே, பத்தியம் பலிக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. கிரியாட்டினின் பிறப்பதே தசையில்தான். தசை கரைந்தாலும் அந்த எண் இறங்கும். சதை கரைந்த பெரியவர்கள் விழுவது, டயாலிசிஸ் முடிந்ததும் பிரஷர் இறங்கி வரும் கிறுகிறுப்பால்தானே என்றும் கேட்கலாம். உண்மைதான். ஆனால் தடுமாறும் உடம்பைத் தாங்கிப் பிடிக்கத் தொடையில் சதை வேண்டும். அது இல்லாதவர் சாய்ந்தால், சிறுநீரக நோயால் ஏற்கெனவே பலவீனமான இடுப்பெலும்பு முறிகிறது. புரத உணவுகளில் உள்ள பொட்டாசியம், பாஸ்பரஸ் பற்றிய பயம் நியாயமானது. அதனால்தான் பாஸ்பரஸ் குறைந்த முட்டை வெள்ளைக்கருவைப் பரிந்துரைக்கிறார்கள். டயாலிசிஸுக்குப் போகாதவர்களிலும், தளர்ந்த முதியவர்களுக்குப் புரத அளவை உயர்த்துவது பற்றி யோசிக்கச் சொல்கிறது 2024-ஆம் ஆண்டின் உலக வழிகாட்டுதல்.

வீட்டுப் பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பில் கட்டியபடி ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கால் தளர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அதைச் சொல்லி, "இந்தப் பத்தியம் இன்னும் வேணுமா?" என்று கேளுங்கள்.