மதுரைக் காலும் டாக்டர் கார்ட்டரும்

நம் குடியிருப்பில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் 'கிரேஸ் அனாடமி' என்ற தடித்த புத்தகத்தைப் பார்த்திருப்பீர்கள். முதல் பதிப்பு 1858-ல் லண்டனில் வெளிவந்தது. எழுதியவர் ஹென்றி கிரே. உள்ளே இருந்த படங்களை வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர் என்ற இளம் டாக்டர், ஓவியரின் மகன். கிரேவுக்கு ஆயிரம் பிரதிக்கு 150 பவுன் ராயல்டி. கார்ட்டருக்கு ஒரே தடவையாக 150 பவுன், அதோடு சரி. முகப்பில் கார்ட்டரின் பெயரைச் சின்ன எழுத்தில் போடச் சொன்னவரும் கிரேதான். முப்பது வருஷம் லெட்ஜர் எழுதியவனுக்கு இந்தக் கணக்கு உறுத்தத்தான் செய்கிறது.

புத்தகம் கடைக்கு வருமுன்பே கார்ட்டர் அரசு மருத்துவராகப் பம்பாய் வந்துவிட்டார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே அவர் ஆராய எடுத்துக்கொண்டது, நம் தமிழ்நாட்டு ஊரின் பெயரைத் தாங்கிய ஒரு நோய்.

1842-ல் மதுரை மருந்தகத்தில் இருந்த டாக்டர் ஜான் கில் அதைப் பற்றி எழுதிவைத்தார். 'மதுரா ஃபுட்', அதாவது மதுரைக் கால் என்ற பெயர் பிறகு நிலைத்தது. வெறுங்காலில் முள் குத்தும். மண்ணில் உள்ள கிருமி உள்ளே போகும். முதலில் வலியே இருக்காது, அதனால் யாரும் பொருட்படுத்துவதில்லை. வருஷக்கணக்கில் பாதம் மெல்ல வீங்கும். யானைக்கால் என்றுகூட நினைக்கலாம். ஆனால் இதில் பாதமெங்கும் துளை விழுந்து, சீழோடு குருணை குருணையாக வெளியே வரும். கடைசியில் எலும்பையே அரித்துவிடும். அந்தக் காலத்தில் காலை வெட்டி எடுப்பதுதான் வைத்தியம்.

வெட்டி எடுத்த பாதங்களைக் கார்ட்டர் அறுத்து, நுண்ணோக்கியில் பார்த்து, வண்ணத்தில் வரைந்தார். குருணை எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சிலருக்குக் கறுப்பு, சிலருக்கு வெளிர் நிறம் என்று பிரித்து எழுதினார். இது பூஞ்சையால் வருவது என்று 1860 வாக்கில் சொல்லி, 'மைசிடோமா' என்று பெயரிட்டார். ஒரு பாதத்திலிருந்து கிடைத்த சிவப்புப் பூஞ்சைக்கு இங்கிலாந்தின் நிபுணர் பெர்க்லி கார்ட்டரின் பெயரையே வைத்தார். அது நோய்க்குக் காரணமானதல்ல என்று பின்னால் தெரிந்தது. அவர் வேலையை விடவில்லை. 1874-ல் தனிப் புத்தகமே வெளியிட்டார். இடையில் 1873-ல் நார்வே போய்த் தொழுநோயையும் ஆராய்ந்தார். 1888-ல் ஓய்வுபெற்று, 1897-ல் காசநோயால் இறந்தார்.

இரண்டு நிறம் என்று அவர் பிரித்து வைத்ததன் அருமை பிறகுதான் புரிந்தது. 1894-ல் பிரெஞ்சு டாக்டர் வின்சென்ட் வெளிர் குருணையிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். அது பூஞ்சை அல்ல, பாக்டீரியா. இன்றைய பெயர் ஆக்டினோமதுரா. கறுப்புக் குருணையில் இருப்பது நிஜமாகவே பூஞ்சை. 1905-ல் அதற்கு மதுரெல்லா என்று பெயர் வந்தது. இரண்டு பெயரிலும் மதுரை இருப்பதைக் கவனியுங்கள். மீனாட்சியம்மன் ஊருக்கு இப்படியும் ஒரு புகழ்!

பாக்டீரியா என்றால் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பெரும்பாலும் காலைக் காப்பாற்றிவிடலாம். பூஞ்சை என்றால் மாதக்கணக்கில் வேறு மருந்து, பல சமயம் அறுவைச் சிகிச்சையும். தவறாகக் கணித்தால் மருந்துச் செலவும் வீண், காலமும் வீண், அதற்குள் எலும்பு போய்விடும். நிறத்தை மட்டும் நம்பாமல் ஆய்வகத்தில் பார்த்தே முடிவு செய்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2016-ல்தான்.

ஏன் புறக்கணிப்பு என்பது நமக்குப் புரியாததல்ல. நான் பென்னாகரம் பக்கம் வேலை பார்த்த காலத்தில், நகைக்கடனுக்கு வந்தவர்கள் செருப்பை வங்கி வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வருவார்கள். கழற்றுவதற்குச் செருப்பே இல்லாதவர்களும் நிறைய. கேழ்வரகுக் காட்டில் அப்படியே நடந்து பழகிய கால்கள். முள் குத்தினால் ஊசியால் நெம்பி எடுத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

நம் மதில் சுவருக்குப் பின்னால் வேலிக்கருவை வெட்ட வருகிறவர்களும் ரப்பர் செருப்போடுதான் இறங்குகிறார்கள். முள் அதைத் துளைத்துக்கொண்டு போகும். அடுத்த பொதுக்குழுவில் தோட்டச் செலவுக் கணக்கில் நான்கு ஜோடி கனத்த பூட்ஸ் சேர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.