பாலையாவின் தலைக்கனம்

கதாநாயகன் ஒரே முகத்தை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் காலந்தள்ளலாம். மற்ற நடிகர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. டி. எஸ். பாலையா 1936-ல் 'சதி லீலாவதி'யில், சிநேகிதனைக் குடிக்கு இழுத்துக் கெடுக்கும் துரோகியாக வந்தார். எம். ஜி. ஆருக்கும் அதுதான் முதல் படம். அடுத்த வருஷம் 'அம்பிகாபதி'யில் தியாகராஜ பாகவதருக்கு எதிரி. ஜனங்கள் திட்டித் தீர்த்தார்கள். வில்லனுக்கு வேறென்ன வெகுமதி வேண்டும்?

அதே மனிதர் 1964-ல் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யில் பணக்காரத் தகப்பனாராக வந்து உட்கார்ந்தார். மகன் நாகேஷ் பேய்க்கதை சொல்கிறார். இவர் கேட்கிறார், அவ்வளவுதான். வேளச்சேரியில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் அந்தக் காட்சி வந்தால், பாலையா யாரென்றே அறியாத குழந்தைகள்கூட, கதை கேட்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் உருண்டு புரண்டு சிரிக்கின்றன.

மறு வருஷம் 'திருவிளையாடல்'. ஹேமநாத பாகவதருக்குப் பாடியவர் பாலமுரளிகிருஷ்ணா. ஆனால் நிமிர்ந்த கழுத்தும், பாண்டியன் சபையையே துச்சமாக அளக்கும் கண்ணும் பாலையாவுடையவை. விறகுவெட்டியின் பாட்டைக் கேட்டதும் அந்தத் திமிர் முகத்திலிருந்து வடிவதைப் பாருங்கள். இரவோடு இரவாக ஊரைவிட்டு ஓடுகிறவரைக் கண்டு சிரிப்பு வருகிறது, கொஞ்சம் பரிதாபமும் வருகிறது.

என் அபிப்பிராயத்தில் வில்லனும் இவரும் ஒரே ஆள்தான். தலைக்கனம் பிடித்த ஆள். முன்பு அவன் பிறரைக் கெடுத்தான், இப்போது தானே கெடுகிறான். 1968-ல் 'தில்லானா மோகனாம்பா'ளில் அந்த ஆளையும் காணோம். சிவாஜியின் நாயனத்துக்குப் பக்கத்தில், அவருடைய கோபத்தையும் ஆற்றிக்கொண்டு, ஒரு தவில் வித்வான் உட்கார்ந்திருந்தார். நான்கு வருஷங்களில், 1972-ல், பாலையா காலமானார்.