3(டி): ஒரு சட்டப் பிரிவும் அதன் வாசலும்

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு குறித்த பேச்சு பெரும்பாலும் 2013 ஏப்ரல் 1ஆம் நாள் நோவார்டிஸ் மருந்து நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்போடு நின்றுவிடுகிறது. அதன்பின் அப்பிரிவில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் ஒரு நோயாளியோ போட்டி நிறுவனமோ அப்பிரிவைக் கையில் எடுப்பதற்கான வழிகள் மாறிவருகின்றன. அந்த மாற்றம் நாடாளுமன்ற விவாதத்தில் நிகழவில்லை. விதித் திருத்தங்களிலும் வணிக உடன்படிக்கைகளிலும் நிகழ்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்தை 1959இல் வைக்க வேண்டும். நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார் அவ்வாண்டு நடுவண் அரசுக்கு அளித்த அறிக்கை, இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் 80 முதல் 90 விழுக்காடு அயல்நாட்டவரிடம் இருந்ததையும், அவற்றில் 90 விழுக்காட்டுக்கு மேல் இந்நாட்டில் உற்பத்திக்கே வராததையும் எடுத்துக்காட்டியது. ஆக, அப்போது நடப்பில் இருந்த 1911ஆம் ஆண்டின் சட்டம் தொழிலை வளர்க்கவில்லை, இறக்குமதிச் சந்தையைக் காத்தது. இந்தக் கண்டறிதலின் மேல் எழுந்ததுதான் 1970ஆம் ஆண்டின் சட்டம். 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அது, மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்றது. அதற்கும் அதிகபட்சம் ஏழாண்டுகள்தான். ஒரே மருந்தை வேறு வழியில் தயாரிக்கும் உரிமை இந்திய நிறுவனங்களுக்குக் கிடைத்தது. இன்று உலகம் முழுதும் போகும் இந்திய மருந்துகளின் வேர் அங்கே இருக்கிறது.

1995இல் உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கையான டிரிப்ஸ் வந்தபோது இந்தியாவுக்குக் கிடைத்த அவகாசம் பத்தாண்டுகள். 2005 ஜனவரி 1 முதல் மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை தந்தாக வேண்டும். இதற்கான அவசரச் சட்டத்துக்குப் பின் வந்த திருத்த மசோதாவுக்கு இடதுசாரிக் கட்சிகளின் ஆதரவு அரசுக்குத் தேவைப்பட்டது. அந்தப் பேரத்தில்தான் 3(டி) இன்றைய வடிவத்தைப் பெற்றது. ஏற்கெனவே அறியப்பட்ட ஒரு பொருளின் புதிய வடிவம், அதன் செயல்திறனைக் கூட்டாதவரை கண்டுபிடிப்பாகாது. உப்பு, எஸ்டர், படிக வடிவம் போன்றவை எல்லாம் அதே பொருளாகவே கொள்ளப்படும். காப்புரிமை முடியும் தறுவாயில் சிறு மாற்றம் செய்து மேலும் இருபதாண்டு கேட்கும் வழக்கத்துக்கு எதிராக எழுதப்பட்ட வரி இது. ஒரு கூட்டணி அரசின் பலவீனம் நாட்டுக்கு நல்ல சட்டத்தைத் தந்த அரிய தருணம் என்றும் இதைச் சொல்லலாம்.

இவ்வரியின் முதல் பெரும் சோதனை சென்னையில் நடந்தது. இரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்தின் பீட்டா படிக வடிவத்துக்கு நோவார்டிஸ் 1998இல் விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். மாதம் சுமார் 1,20,000 ரூபாய் விலை கொண்ட அம்மருந்தின் இந்திய மாற்றுகள் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விலையில் கிடைத்தன. புற்றுநோயாளிகள் சங்கம் ஒன்றும் இந்திய நிறுவனங்களும் எதிர்த்தன. 2006 ஜனவரியில் விண்ணப்பம் தள்ளுபடியானது. 3(டி)யே அரசியலமைப்புக்கு முரணானது என்ற நிறுவனத்தின் மனுவை 2007 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியமும் 2009இல் அப்பொருளுக்குக் காப்புரிமை தர மறுத்தது. இறுதியில் உச்ச நீதிமன்றம், மருந்தைப் பொறுத்தவரை செயல்திறன் என்றால் நோய் தீர்க்கும் திறனே என்று வரையறுத்தது. தூள் நன்றாகக் கொட்டுகிறது, ஈரத்தை உறிஞ்சுவதில்லை என்பன போன்ற பண்புகள் அதற்குள் வரவில்லை. உடலில் 30 விழுக்காடு கூடுதலாக உறிஞ்சப்படுகிறது என்ற வாதமும், அதனால் நோய் தீரும் திறன் கூடியதற்குச் சான்று இல்லாததால் நிற்கவில்லை.

சென்னை உயர் நீதிமன்றத்தின் 2007ஆம் ஆண்டு அமர்வில் இருந்த நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் பின்னர் அதே மேல்முறையீட்டு வாரியத்தின் தலைவரானார். பேயர் நிறுவனத்தின் நெக்சவார் புற்றுநோய் மருந்தை மாதம் 2,80,000 ரூபாய்க்குப் பதிலாக 8,880 ரூபாய்க்கு விற்க, காப்புரிமையாளரின் இசைவின்றியே இந்திய நிறுவனமான நாட்கோவுக்கு 2012இல் தரப்பட்ட கட்டாய உரிமத்தை, 2013 மார்ச்சில் அவர் தலைமையிலான அமர்வு உறுதிசெய்தது. நாட்டில் அதன்பின் இன்னொரு கட்டாய உரிமம் வழங்கப்படவே இல்லை.

அந்த வாரியமே 2021இல் கலைக்கப்பட்டு, அதன் பணி உயர் நீதிமன்றங்களுக்குப் போனது. 3(டி) மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கான பெடாகுவிலின் மருந்தின் உப்பு வடிவத்துக்கு ஜான்சன் அண்ட் ஜான்சன் கேட்ட காப்புரிமை 2023 மார்ச்சில் மறுக்கப்பட்டது. கிடைத்திருந்தால் அந்நிறுவனத்தின் தனியுரிமை 2027 வரை நீண்டிருக்கும். எதிர்ப்பு மனு கொடுத்தவர்களில் இருவர் காசநோயிலிருந்து மீண்டு, சிகிச்சையின் விளைவாகச் செவித்திறன் இழந்த பெண்கள். சட்டத்தின் 25(1) பிரிவு, காப்புரிமை வழங்கப்படும் முன் ‘எவர் ஒருவரும்’ எதிர்க்கலாம் என்று சொல்வதால்தான் அவர்களால் அங்கே நிற்க முடிந்தது. 3(டி)யின் பலம் அதன் சொற்களில் பாதி, இந்த வாசலில் பாதி.

வாசல்தான் இப்போது குறுகுகிறது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் நடைமுறையில் எதிர்ப்பாளருக்குப் பங்கில்லை என்று 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மார்ச் 15ஆம் நாள் வெளியான விதித் திருத்தம், முன்பு இலவசமாக இருந்த எதிர்ப்பு மனுவுக்குக் கட்டணம் விதித்தது. மனு ஏற்கத்தக்கதா என்று காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் முதலில் முடிவுசெய்யவும் வழிவகுத்தது. காரணமின்றி இல்லை. காலத்தை இழுப்பதற்கென்றே மனுப் போடுவோர் உண்டு, அதை மறுக்க முடியாது. ஆனால் அத்தகைய மனுக்களை வடிகட்டும் சல்லடையில் நோயாளியும் சிக்குவார். காப்புரிமையை இந்தியாவில் பயன்படுத்துவது குறித்த அறிக்கையை ஆண்டுதோறும் தர வேண்டும் என்பது மூன்றாண்டுக்கு ஒருமுறை என்றானது. நெக்சவார் வழக்கில் பேயர் எவ்வளவு குறைவாக மருந்தை இறக்குமதி செய்தது என்பதை அம்பலமாக்கியது அந்த அறிக்கைதான் என்பதை இங்கே நினைக்க வேண்டும். 2025 ஜூலையில் பிரிட்டனுடன் கையெழுத்தான வணிக உடன்படிக்கையோ, மருந்து மக்களைச் சென்றடையத் தன்விருப்ப உரிமமே சிறந்த வழி என்கிறது. கட்டாய உரிமத்தை அது தடைசெய்யவில்லை. அதைத் தரத் தயங்கும் அதிகாரிக்கு ஒரு சாக்கு கொடுக்கிறது.

உடன்படிக்கையை மாற்ற இரு நாடுகள் வேண்டும். 2024ஆம் ஆண்டின் விதிகள் அப்படியல்ல. அவை வணிக அமைச்சகத்தின் அறிவிக்கையால் வந்தவை. எதிர்ப்பு மனுக் கட்டணத்திலிருந்து நோயாளிகளுக்கும் அவர்களின் அமைப்புகளுக்கும் விலக்கு அளிக்கவும், பயன்பாட்டு அறிக்கையை மீண்டும் ஆண்டுதோறும் கேட்கவும் இன்னொரு அறிவிக்கை போதும்.