பழைய திறன்பேசிகளின் ஆயுள் நீட்டிப்பில் தனிப்பயன் மென்பொருள்: ஒரு வரலாற்று ஆய்வு (2008–2025)

ஆய்வுச் சுருக்கம்

திறன்பேசியொன்று பழையதாகிவிட்டது என்னும் முடிவு பெரும்பாலும் அதன் வன்பொருள் தேய்வதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. உற்பத்தியாளர் இயங்குதளப் புதுப்பிப்பை நிறுத்தும் நாளே அம்முடிவு நடைமுறைக்கு வரும் நாளாகும். அந்நாளுக்குப் பின்னும் கருவியைப் பயன்பாட்டில் வைத்திருக்கத் தன்னார்வ நிரலாளர்கள் உருவாக்கிய தனிப்பயன் மென்பொருள்களின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. சயனோஜென்மாட், லினியேஜ் ஓஎஸ், போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் ஆகிய திட்டங்களும், சாம்சங் கேலக்ஸி எஸ், கேலக்ஸி நெக்சஸ், ஃபேர்ஃபோன் 2 ஆகிய கருவிகளும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. இவ்வியக்கத்தின் வெற்றி தோல்விகளைத் தீர்மானித்ததில் நிரலாளரின் திறமையைவிட, மூல நிரல், சில்லின் இயக்கிகள், பூட்லோடரின் திறப்பு ஆகிய மூன்றும் யார் கையில் இருந்தன என்பதே முதன்மையானது என இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: திறன்பேசி, தனிப்பயன் மென்பொருள், கட்டற்ற மென்பொருள், ஆண்ட்ராய்டு, லினியேஜ் ஓஎஸ், பழுதுபார்க்கும் உரிமை.

முன்னுரை

கணிப்பொறி வரலாற்றை எழுதுவோர் புதியன தோன்றிய நாள்களையே பெரிதும் குறித்து வந்துள்ளனர். ஒரு கருவி எப்போது, யாரால், எக்காரணத்தால் கைவிடப்பட்டது என்பது அவ்வளவாகப் பதிவு பெறவில்லை. திறன்பேசியின் வாழ்நாளில் வெளியேறும் கரிம உமிழ்வின் பெரும்பகுதி அதன் உற்பத்தியிலேயே நிகழ்கிறது. ஆகவே, ஒரு கருவியைக் கூடுதலாகச் சில ஆண்டுகள் பயன்படுத்துவதே அதன் சூழலியல் சுமையைக் குறைக்கும் நேரான வழியாகும். புதிய கருவி வாங்க இயலாதோருக்கு அது பொருளாதாரத் தேவையுமாகும். இவ்விரு காரணங்களால் கைவிடுதலின் வரலாறு ஆய்வுக்குரியதாகிறது. 'கஸ்டம் ரோம்' என்று பயனர் வழக்கில் அழைக்கப்படும் தனிப்பயன் மென்பொருள், கைவிடுதலுக்கு எதிரான முயற்சிகளுள் நெடிய தொடர்ச்சி உடையது. இக்கட்டுரை ஆண்ட்ராய்டுக் கருவிகளை மட்டும் எல்லையாகக் கொள்கிறது.

1. கருவியின் அடுக்குகளும் உரிமங்களும்

ஆண்ட்ராய்டுக் கருவியின் மென்பொருளைப் பல அடுக்குகளாகப் பகுத்துக் காணலாம். கருவியை இயக்கியவுடன் முதலில் செயற்படுவது பூட்லோடர். எந்த இயங்குதளத்தை ஏற்றலாம் என்பதை அதுவே முடிவு செய்கிறது. அடுத்து லினக்ஸ் கெர்னல், அதன்மேல் இயக்கிகள், அவற்றின்மேல் ஆண்ட்ராய்டுச் சட்டகம், இறுதியாகச் செயலிகள் என அடுக்குகள் அமைகின்றன. கைபேசி வலையமைப்போடு உரையாடும் மோடத்தின் நிலைபொருள் இவற்றிலிருந்து தனித்து இயங்குவது.

இவ்வடுக்குகளின் உரிமங்கள் ஒரே தன்மையின அல்ல. கெர்னல் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின்கீழ் வருவதால், அதை விற்பனைக் கருவியில் சேர்த்து வழங்கும் நிறுவனம் தான் செய்த மாற்றங்களின் மூல நிரலையும் கொடுக்கக் கடமைப்பட்டது. சட்டகம் பெரும்பாலும் அப்பாச்சி உரிமத்தின்கீழ் வருகிறது. அதை மாற்றியமைக்கும் நிறுவனம் தன் மாற்றங்களை வெளியிட வேண்டியதில்லை. நிழற்படக் கருவி, வரைகலை, வானலைத் தொடர்பு ஆகியவற்றுக்கான இயக்கிகளின் முதன்மையான பகுதிகள் கெர்னலுக்கு வெளியே மூடிய இருமக் கோப்புகளாகவே தரப்படுகின்றன. இவற்றைப் படிக்கவோ திருத்தவோ வெளியாரால் இயலாது. தனிப்பயன் மென்பொருளின் வரலாறு முழுவதும் இந்த உரிம வேறுபாட்டின் வழியே நகர்ந்துள்ளது.

2. தொடக்கம் (2008–2009)

முதல் ஆண்ட்ராய்டுத் திறன்பேசியான ஹெச்டிசி டிரீம் 2008 அக்டோபரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதே மாதத்தில் ஆண்ட்ராய்டின் மூல நிரலும் வெளியிடப்பட்டது. அடுத்த மாதமே அக்கருவியின் மென்பொருளில் ஒரு பிழை கண்டறியப்பட்டது. விசைப்பலகையில் தட்டச்சு செய்யப்படுவன அனைத்தும், பயனர் அறியாமலே, முதன்மைப் பயனருக்குரிய அதிகாரத்துடன் கட்டளைகளாகவும் செயற்பட்டன. கூகுள் அப்பிழையை விரைவில் நீக்கியது. எனினும், மாற்றப்பட்ட மென்பொருளை நிறுவும் வழி அதற்குள் திறந்துவிட்டது.

ஜீசஸ்ஃப்ரீக் என்னும் புனைபெயருடைய நிரலாளர் தொடக்கத்தில் வெளியிட்ட மாற்றுப் பதிப்புகளைத் தொடர்ந்து, ஸ்டீவ் கோண்டிக்கின் சயனோஜென்மாட் 2009இல் பரவலாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில், ஜிமெயில், யூடியூப் முதலிய தன் மூடிய செயலிகளைச் சேர்த்து வழங்கக் கூடாதெனக் கூகுள் அவருக்குச் சட்ட அறிவிக்கை அனுப்பியது. பயனர் தம் கருவியில் ஏற்கெனவே உள்ள அச்செயலிகளைச் சேமித்து வைத்து, புதிய மென்பொருளை நிறுவியபின் மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டில் அச்சிக்கல் தீர்ந்தது. திறந்த நிரலுக்கும் மூடிய செயலிக்கும் இடையிலான எல்லைக்கோடு இந்நிகழ்வில்தான் முதன்முதலாகத் தெளிவாக வரையப்பட்டது. கூகுள் செயலிகளைத் தனியே நிறுவும் இன்றைய வழக்கம் அந்த ஏற்பாட்டின் எச்சமேயாகும்.

3. சாம்சங் கேலக்ஸி எஸ்: வன்பொருள் காரணம் என்ற கூற்று

புதுப்பிப்பை நிறுத்தும்போது உற்பத்தியாளர்கள் கூறும் காரணங்களுள் முதன்மையானது வன்பொருள் போதாமை. இக்கூற்றைச் சோதிக்க 2010இல் வெளியான சாம்சங் கேலக்ஸி எஸ் தக்க சான்றாகும். 1 கோடிக்கும் மேல் விற்பனையான இக்கருவிக்கு ஆண்ட்ராய்டு 4.0 வழங்கப்படாது எனச் சாம்சங் 2011 டிசம்பரில் தெரிவித்தது. தன் டச்விஸ் இடைமுகத்தோடு சேர்த்து அப்பதிப்பை இயக்க நினைவகம் போதாது என்பது அந்நிறுவனம் காட்டிய காரணம்.

இதற்கு மாறான சான்றுகள் இரண்டு உள்ளன. முதலாவது, சாம்சங் கூகுளுக்காகத் தயாரித்த நெக்சஸ் எஸ். கேலக்ஸி எஸ் கருவியில் உள்ள அதே வகைச் சில்லையும் அதே 512 எம்பி நினைவகத்தையும் கொண்ட அக்கருவிக்கு, டச்விஸ் இடைமுகம் இல்லாத ஆண்ட்ராய்டு 4.0 அதே மாதத்தில் வழங்கப்பட்டது. இரண்டாவது, சயனோஜென்மாட் 9. இது ஆண்ட்ராய்டு 4.0ஐக் கேலக்ஸி எஸ் கருவியிலேயே இயக்கிக் காட்டியது. பின்வந்த 10, 11ஆம் பதிப்புகள் அக்கருவியை ஆண்ட்ராய்டு 4.4 வரை கொண்டு சென்றன. சாம்சங்கின் கூற்று பொய்யென இதனால் கொள்ள வேண்டியதில்லை. நினைவகம் போதாதது டச்விஸ் இடைமுகத்தோடு சேர்த்து இயக்குவதற்கே. அவ்விடைமுகம் இன்றியமையாததா என்ற தேர்வு பயனருக்கு அளிக்கப்படவில்லை. வன்பொருளின் எல்லையாகக் கூறப்பட்டது உண்மையில் ஒரு வணிகத் தேர்வின் எல்லையாக இருந்தது.

இக்காலகட்டத்தில் தமிழ்ப் பயனருக்கும் ஒரு தனித் தேவை இருந்தது. ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புகளில் தமிழ் எழுத்துரு இல்லாமையால் பல கருவிகளில் தமிழ் எழுத்துகள் வெற்றுக் கட்டங்களாகத் தோன்றின. எழுத்துருவை மட்டும் சேர்த்தபோதும், ஒற்றைக் கொம்பு முதலிய குறிகள் மெய்யெழுத்தின் முன்னே நிற்காமல் பின்னே சென்று நின்றன. ஆண்ட்ராய்டு 4 வரிசையிலேயே தமிழ் எழுத்துரு மூல நிரலில் இடம்பெற்றது. ஆகவே, உற்பத்தியாளரின் புதுப்பிப்பு நின்றுபோன கருவியில் தனிப்பயன் மென்பொருள்வழி 4ஆம் வரிசையை ஏற்றுவது தமிழைப் படிக்கும் வசதியைப் பெறும் வழியாகவும் அமைந்தது.

4. நிறுவனமயமாதலும் முறிவும் (2013–2016)

தன்னார்வத் திட்டமாகத் தோன்றிய சயனோஜென்மாட் 2013இல் சயனோஜென் என்னும் வணிக நிறுவனத்தின் அடித்தளமாயிற்று. 2014இல் வெளிவந்த ஒன்பிளஸ் ஒன் கருவி அதன் மென்பொருளுடனேயே விற்பனைக்கு வந்தது. ஆனால் இந்தியாவில் மைக்ரோமேக்ஸ் நிறுவனத்துக்குத் தனியுரிமை அளித்துச் சயனோஜென் ஓர் ஒப்பந்தம் செய்திருந்தது. அதன் அடிப்படையில் 2014 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் ஒன்பிளஸ் ஒன் விற்பனைக்கு இடைக்காலத் தடை விதித்தது. சில நாள்களில் அத்தடையை இரு நீதிபதிகள் அமர்வு நீக்கியது. திறந்த மூல நிரலிலிருந்து பிறந்த மென்பொருளொன்று தனியுரிமை வழக்கின் பொருளானது கருதத்தக்கது.

2016 டிசம்பர் 23 அன்று, அம்மாத இறுதியுடன் தன் சேவைகள் அனைத்தையும் நிறுத்துவதாகச் சயனோஜென் அறிவித்தது. மறுநாளே தன்னார்வலர்கள் லினியேஜ் ஓஎஸ் என்ற பெயரில் அதே நிரலைக் கிளைத்தெடுத்துத் தொடர்வதாக அறிவித்தனர். மரபுவழி என்னும் பொருளுடைய அப்பெயர், முறிவைத் தாண்டிய தொடர்ச்சியை உணர்த்துவது. நிறுவனத்தின் வழங்கிகளும் வணிகப் பெயரும் கைநழுவிய நிலையில் மூல நிரல் மட்டும் எஞ்சியது. அதன் உரிமம் எவரும் தொடர்வதற்கு இடம் தந்தது. 2017 ஜனவரியிலேயே லினியேஜின் முதல் பதிப்புகள் வெளிவந்தன. நிறுவனத்தின் அழிவு மென்பொருளின் அழிவாகாமல் காத்தது உரிமமே என்பது இதனால் தெளிவாகிறது.

5. சில்லு நிறுவனம் வகுக்கும் எல்லை

உரிமம் காக்க இயலாத இடமும் உண்டு. மூடிய இயக்கிகளைத் தரும் சில்லு நிறுவனம் விலகும்போது, கருவியைத் தயாரித்த நிறுவனமே செயலற்றுப் போகக்கூடும். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 2012இல் கைபேசிச் சில்லுத் துறையிலிருந்து பின்வாங்கியது. அதன் சில்லைக் கொண்ட கேலக்ஸி நெக்சஸ் 18 மாதக் காலவரம்பைக் கடந்துவிட்டதெனக் கூறி, 2013இல் அதற்கு ஆண்ட்ராய்டு 4.4ஐக் கூகுள் வழங்கவில்லை. சயனோஜென்மாட் 11 பழைய இயக்கிகளைக் கொண்டே அப்பதிப்பை அக்கருவிக்கு அளித்தது.

இவ்வகையில் ஃபேர்ஃபோன் 2 மேலும் விரிவான சான்று. நெதர்லாந்து நிறுவனமான ஃபேர்ஃபோன், பயனரே பிரித்துப் பழுதுபார்க்கத்தக்க இக்கருவியை 2015 இறுதியில் ஆண்ட்ராய்டு 5.1 பதிப்புடன் வெளியிட்டது. இதன் குவால்காம் சில்லுக்கான ஆதரவு ஆண்ட்ராய்டு 6 பதிப்புடன் நின்றது. அதன் பின்னரும் 2018இல் ஆண்ட்ராய்டு 7, 2021இல் ஆண்ட்ராய்டு 9, பின்னர் ஆண்ட்ராய்டு 10 என ஃபேர்ஃபோன் புதுப்பிப்புகளை வழங்கியது. பிற்காலப் பதிப்புகளுக்கு லினியேஜ் ஓஎஸ் தன்னார்வலர்களின் பணி அடிப்படையாயிற்று. 2023 மார்ச்சில் ஆதரவு முடிந்தபோது அக்கருவி வெளியாகி ஏழு ஆண்டுகள் கடந்திருந்தன. தன்னார்வலரின் உழைப்பு உற்பத்தியாளருக்கே கைகொடுத்த நிகழ்வு என்ற வகையில் இது ஒரு திருப்புமுனை எனலாம்.

இதே காலத்தில் இரு மாற்று அணுகுமுறைகள் தோன்றின. ஆண்ட்ராய்டு 8.0 பதிப்புடன் 2017இல் வந்த புராஜெக்ட் டிரெபிள், சட்டகத்தையும் சில்லுக்குரிய பகுதியையும் பிரித்து இரண்டுக்கும் இடையே நிலையான இடைமுகத்தை வகுத்தது. மூடிய கோப்புகளைத் தொடாமலே மேலடுக்கை மாற்ற இது வழிசெய்தது. அதே ஆண்டில் தொடங்கப்பட்ட போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் திட்டம் ஆண்ட்ராய்டையே விலக்கி, ஆல்பைன் லினக்ஸை அடித்தளமாகக் கொண்டு, திறன்பேசிக்குப் பத்தாண்டு ஆயுள் என்பதை இலக்காக வைத்தது. கருவிக்கு வேண்டிய நிரலைப் பொது லினக்ஸ் கெர்னலிலேயே சேர்த்துவிட்டால் தனித்தனிக் கருவிகளுக்கான பராமரிப்புத் தேவை குறையும் என்பது அதன் கோட்பாடு. முதல் வழி மூடிய கோப்புகளோடு இணங்கி வாழ்வது. இரண்டாவது அவற்றின் தேவையையே நீக்க முயல்வது. இரண்டாவது வழியில் பல கருவிகளில் நிழற்படக் கருவி, அழைப்பு ஆகியன முழுமையாக இயங்காமை அதன் விலையாக உள்ளது.

6. பாதுகாப்பும் பூட்டும்

தனிப்பயன் மென்பொருளின் குறைகளையும் இங்குக் கருத வேண்டும். 2015இல் வெளிப்பட்ட ஸ்டேஜ்ஃபிரைட் பாதுகாப்புக் குறைபாடு, புதுப்பிப்பு நின்ற கருவிகளின் ஆபத்தை உலகறியச் செய்தது. மாதாந்தரப் பாதுகாப்புத் திருத்தங்களைக் கூகுள் வெளியிடும் முறை அதன் பின்னரே தொடங்கியது. லினியேஜ் ஓஎஸ் இத்திருத்தங்களைப் பழைய கருவிகளுக்கும் கொண்டு செல்கிறது. எனினும் அது திருத்தக்கூடியது திறந்த பகுதியை மட்டுமே. மூடிய இயக்கிகளிலும் மோடத்தின் நிலைபொருளிலும் உள்ள ஓட்டைகள் அப்படியே எஞ்சும். பூட்லோடரைத் திறந்து வைப்பதும் கருவி பிறர் கைக்குச் செல்லுமிடத்து ஆபத்தானது.

இந்த ஆபத்தைக் காரணமாகக் காட்டியே பூட்டுகள் இறுகின. 2018இல் ஹுவாவே பூட்லோடர் திறப்புக் குறியீடு வழங்குவதை நிறுத்தியது. கருவியின் மென்பொருள் உற்பத்தியாளர் வழங்கியதுதானா எனச் சோதிக்கும் கூகுளின் சேவையைப் பயன்படுத்தி, வங்கிச் செயலிகள் பல தனிப்பயன் மென்பொருள் உள்ள கருவிகளில் இயங்க மறுக்கின்றன. இதில் ஒரு முரண் உண்டு. பல ஆண்டுகளாகத் திருத்தம் பெறாத உற்பத்தியாளர் மென்பொருள் இச்சோதனையில் தேறக்கூடும். அண்மைத் திருத்தங்கள் கொண்ட லினியேஜ் ஓஎஸ் தேறாமற்போகும். அன்றாடப் பணப் பரிமாற்றம் கைபேசி வழியாகவே நடைபெறும் இந்தியா போன்ற நாட்டில் இச்சோதனை கருவியின் ஆயுளையே முடித்துவைக்க வல்லது.

7. சட்டத்தின் நுழைவு

சட்டம் இத்துறையில் இரு திசைகளிலிருந்து நுழைந்தது. 2010 ஜூலையில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகர், சட்டப்படி பெற்ற செயலிகளை இயக்குவதற்காகத் திறன்பேசியின் தடையை நீக்குவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து விலக்களித்தார். இது பயனரின் செயலைக் குற்றமற்றதாக்கிய சட்டம். 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/1670 எண் ஒழுங்குவிதி உற்பத்தியாளரை நோக்கியது. இயங்குதளப் புதுப்பிப்புகளை வழங்கும் உற்பத்தியாளர், ஒரு மாதிரியின் விற்பனை முடிந்த நாளிலிருந்து குறைந்தது 5 ஆண்டுகள் அவற்றைக் கட்டணமின்றி அளிக்க வேண்டும் என அது விதிக்கிறது. இதற்கு முன்பே, 2023இல் பிக்சல் 8 கருவிக்குக் கூகுளும், 2024இல் கேலக்ஸி எஸ்24 கருவிக்குச் சாம்சங்கும் ஏழு ஆண்டுப் புதுப்பிப்பை உறுதியளித்தன. ஆயினும், ஆதரவுக் காலம் முடிந்தபின் பூட்லோடரைத் திறந்துவிட வேண்டும் என்ற கடமை ஐரோப்பிய விதியில் இல்லை.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, திறன்பேசியின் முதுமை பெரும்பாலும் மென்பொருள் பராமரிப்பைப் பற்றிய முடிவால் நேர்வது. கேலக்ஸி எஸ், நெக்சஸ் எஸ் ஆகியவற்றின் ஒப்பீடு இதனைக் காட்டுகிறது. இரண்டு, நிறுவனங்கள் மறைந்தபோதும் மூல நிரலின் உரிமம் தொடர்ச்சியைக் காத்தது. சயனோஜென்மாட் லினியேஜ் ஓஎஸ் ஆக மாறியது இதற்குச் சான்று. மூன்று, அவ்வுரிமம் எட்டாத மூடிய இயக்கிகளும் பூட்லோடரும் ஆயுள் நீட்டிப்பின் இறுதி எல்லைகளாக நிற்கின்றன.

இன்று ஆதரவுக் காலத்தை நீட்டிக்கும் உறுதிமொழிகளும் விதிகளும் பெருகியுள்ளன. அவை கைவிடும் நாளைத் தள்ளிவைக்கின்றன. அந்நாள் வந்தபின் கருவி யாருடையது என்ற வினா அப்படியே உள்ளது. ஆதரவு முடியும்போது பூட்லோடரைத் திறக்கும் வழியையும் இயக்கிகளின் நிரலையும் பொதுமக்களிடம் ஒப்படைப்பதைச் சட்டக் கடமையாக்குவது அவ்வினாவுக்கு விடையாக அமையக்கூடும். தன்னார்வலர்களின் பதினேழு ஆண்டுப் பணி அதற்கான செயல்முறைச் சான்றாக முன்னிற்கிறது.