ஐந்து விண்மீன் இயக்கம்

ஐந்து விண்மீன் இயக்கம் என்பது இத்தாலியில் 2009 இல் தொடங்கப்பட்ட ஓர் அரசியல் கட்சி ஆகும். நிலைபெற்ற கட்சிகள் மீது வாக்காளர் கொண்ட வெறுப்பிலிருந்து எழுந்த வெகுசனவாதக் கட்சிகளுள் இது குறிப்பிடத்தக்கது. நகைச்சுவைக் கலைஞர் பெப்பே கிரில்லோவும் இணைய ஆலோசகர் ஜான்ரொபேர்தோ கசலெஜ்ஜோவும் இதனை நிறுவினர்.

தோற்றம்

2007 செப்டம்பர் 8 அன்று கிரில்லோ பொலோனியாவில் நடத்திய 'வி நாள்' கூட்டம் இதன் முன்னோடி ('வி' ஒரு வசைச்சொல்லின் முதலெழுத்து). குற்றத் தீர்ப்புப் பெற்றோர் நாடாளுமன்றத்தில் இருக்கக் கூடாது, எவரும் இருமுறைக்கு மேல் உறுப்பினராகக் கூடாது என்பன அதன் கோரிக்கைகள். 2011 இல் அமைந்த மாரியோ மோந்தி அரசின் சிக்கன நடவடிக்கைகளை இடது, வலது பெருங்கட்சிகள் சேர்ந்தே ஆதரித்தன. எதிர்ப்பு வாக்குகள் இக்கட்சியை நாடின. கீழவைத் தேர்தலில் 2013 இல் 25.6 விழுக்காடும் 2018 இல் 32.7 விழுக்காடும் பெற்றது.

ஆட்சியில்

கூட்டணியே இல்லை என்றிருந்த இக்கட்சி 2018 இல் வலதுசாரி லேகாவுடனும், 2019 இல் நடு-இடதுசாரி சனநாயகக் கட்சியுடனும் ஆட்சி அமைத்தது. 2021 இல் ஐரோப்பிய நடுவண் வங்கியின் முன்னாள் தலைவர் மாரியோ திராகியின் அரசிலும் இணைந்தது. இம்மூன்று முடிவுகளுக்கும் 'ரூசோ' என்னும் இணையத்தளத்தில் உறுப்பினர் ஒப்புதல் பெறப்பட்டது. அத்தளத்தின் பாதுகாப்புக் குறைபாடுகளுக்காகத் தரவுக் காப்பு ஆணையம் 2019 இல் 50,000 யூரோ தண்டம் விதித்தது. மென்பொருளை நிருவகிப்பவரே வாக்குப் பதிவுகளைத் திருத்த இயலுமாயின் 'நேரடி மக்களாட்சி' என்னும் பெயர் பொருந்தாது.

நாடாளுமன்ற உறுப்பினர் இடங்களை 945 இலிருந்து 600 ஆகக் குறைக்கும் திருத்தம், இக்கட்சியின் முயற்சியால், 2020 பொது வாக்கெடுப்பில் நிறைவேறியது. எனினும் 2022 இல் இக்கட்சியின் வாக்கு 15.4 விழுக்காடாகச் சரிந்தது. அத்தேர்தலில் வாக்களித்தோரும் முந்தைய சுமார் 73 விழுக்காட்டிலிருந்து 64 ஆகக் குறைந்தனர். 2024 இல் உறுப்பினர்களின் இணைய வாக்கெடுப்பு கிரில்லோவின் 'காப்பாளர்' பதவியையே நீக்கியது.