தூங்காத வைத்தியர்கள்

நம் பிள்ளை வைத்தியராக வேண்டுமென்று ஆசைப்படுகிறோம். அந்தப் பயிற்சியின் கதை நமக்குத் தெரியுமா?

அமெரிக்காவின் போல்டிமோரில் 1889இல் திறந்த ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில், வில்லியம் ஹோல்ஸ்டெட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் பயிற்சியை ஒழுங்குபடுத்தினார். பயிலுனர்கள் அங்கேயே வசித்து, இரவு பகலாகக் கடமை செய்ய வேண்டும். ஆசிரிய கலாசாலையில் நமக்கு முடிவுத் திகதி இருந்தது. அவர்களுக்கு அதுவும் இல்லை. அவர் போதும் என்றால்தான் முடியும். திறமைசாலிகள் உருவானார்கள், மறுக்கவில்லை.

ஆனால் ஹோல்ஸ்டெட்? 1884இல் கொக்கெயினை மரத்துப்போக வைக்கும் மருந்தாகத் தன் உடம்பிலேயே சோதித்து, அதற்கு அடிமையானவர். பிறகு மோர்பின், பல வருடங்கள். கோடையில் மாதக்கணக்கில் விடுமுறையும் போவார். சக வைத்தியர் வில்லியம் ஒஸ்லர் எழுதிவைத்த இரகசியக் குறிப்பு 1969இல்தான் வெளியே வந்தது.

அங்கே பயிற்சி வைத்தியர்களுக்கு வாரம் 80 மணித்தியாலம் என்ற வரம்பு நாடு முழுவதற்கும் வந்தது 2003இல். நம் பாடசாலை வாரத்துக்கு 30 மணித்தியாலம்.